சார்பு

பேராலயத்தை ஒட்டி அருங்காட்சியகம்.
என்ன வரைந்தாலும் அதிகப்பிரசங்கமாகத் தெரிகிறது.
ஆறு தாள் கிழித்தாயிற்று.
கூர்வளைவு வைத்தேன்,
மாறுவேடப் போட்டிக்கு வந்த பிள்ளை போலிருந்தது.
கண்ணாடி வைத்தேன்,
பாளையங்கோட்டை மே மாத வெயில்
உள்ளே வந்து உட்கார்ந்து
ஓலைச்சுவடிகளை வாசிக்கத் தொடங்கிவிடும்.

ஏழாவதில் தலைகுனிந்தேன்.
ஒற்றைத் தளம், சுண்ணாம்புப் பூச்சு,
கோபுரத்தின் முதல் ஜன்னலுக்குக் கீழேயே
நின்றுவிடும் கூரை.
"பணிவா இருக்கு" என்றார்
கமிட்டிச் செயலர் எபனேசர் தங்கையா.
எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அளவு நாடாவோடு மதிலுக்கு வெளியே வந்தேன்.
மேலப்பாளையம் மசூது சாவி ராவிக்கொண்டிருந்தார்.
மூன்றரைக்குக் கோபுர நிழல் ரோட்டில் இறங்கி
அவர் பெட்டிமேல் ஏறியது.
பத்து நிமிடம்.
பிறகு டீக்கடை நாய்க்குப் போய்விட்டது.

"கோபுர நிழலு ரொம்பக் கூர்மை சார்,
ஓராளுக்கே காணாது.
நீங்க கெட்டுறதையாவது
உசரமா, அகலமா கெட்டுங்களேன்."

உயரம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டது,
தொட முடியாது.
அன்றிரவு கிழக்குக் கூரையை மட்டும்
மதிலைத் தாண்டி இழுத்தேன்,
மாநகராட்சி விதியில் இல்லாத நாலடி.

எபனேசர் பென்சில் முனையால்
அந்தக் கோட்டைத் தட்டினார்.
"இது எதுக்கு?"
"மழைத்தண்ணி சுவர்ல அடிக்காம இருக்க."
"மழையா? பாளையங்கோட்டையிலயா?"
சிரித்தபடியே சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.
என்னுடையதைக் கொடுத்தேன்.