பின்பெட்டியில் இருநூறு கிலோ

வாடகை சாகாவின் பின்புறம்
நிறைசினை எருமைபோல் தாழ்ந்துதான் போகும்.
பத்து எடைக்கற்கள், ஒவ்வொன்றும் இருபது கிலோ,
ஈப்போ கிடங்கில் கையெழுத்துப் போட்டு வாங்கியவை.
செம்பனை ஆலைகளின் எடைப்பாலங்கள்
எவ்வளவு பொய் சொல்கின்றன என்று பார்ப்பது
கோயம்புத்தூரில் எனக்குச் சம்பளம் தரும் வேலை.

தெலுக் இந்தான் தாண்டியதும் முதல் மறிப்பு.
ஆரஞ்சுக் கூம்புகள். அரும்புமீசைக் காவலர்.
"ஐசி" என்றார்.
கடவுச்சீட்டை நீட்டினேன்.
சீட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்,
மறுபடி சீட்டை.
"ஓராங் இந்தியா?"
ஆமாம், இந்தியா.
"இந்தியா, எங்கே?"
இந்தியாவில்தான்.
எங்கள் இருவருக்குமே குழப்பம்.
எனக்கு நாட்டின் பெயர் அது.
இங்கே
பெட்ரோல் நிலையத்தில் முறுக்கு விற்பவருக்கும்
குலை ஏற்றிய லாரியில் தூங்குபவருக்கும்
பிறந்த சான்றிதழிலேயே எழுதியிருப்பது.
எனக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் வந்த வெள்ளைக்காரர்
கையசைத்துக்கொண்டே போய்விட்டிருந்தார்.

இரண்டாம் மறிப்பில்
பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
மூவர் குனிந்து பார்த்தார்கள்.
சந்தேகத்துக்கு மலாயில் என்ன சொல்லோ,
அது அவர்கள் புருவத்தில் இருந்தது.
தராசுபோல் இரு கைகளை ஏற்றி இறக்கிக் காட்டினேன்.
ஒருவர் ஒரு கல்லை ஒற்றைக் கையால் தூக்கப் போய்
தோளைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார்.
மற்ற இருவரும் சிரித்த சிரிப்பில்
என் லைசென்ஸைக் கேட்க மறந்தார்கள்.

மூன்றாவது, ஊத்தான் மெலிந்தாங் நுழையும் இடத்தில்.
இருட்டிவிட்டது. இருபுறமும் செம்பனை.
தோட்டத்துக் கோயிலில் ஒலிபெருக்கி மட்டும் விழித்திருந்தது.
பின்விளக்கு ஒன்று எரியவில்லையாம்.
இரண்டு பேர். ஒருவரின் நெஞ்சில் குணாளன் என்று பெயர்.
அரைமணி நேரம் மலாயிலேயே பேசினார்,
நான் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டே.
கூட்டாளி சிகரெட் பற்றவைக்க நகர்ந்ததும்
ஜன்னலில் குனிந்தார்.
"எழுதினா நூத்தம்பது வெள்ளி.
எழுதலைன்னா அம்பது."

நான்கு நாளில்
காவல்துறை என்னிடம் பேசிய முதல் தமிழ்.
காது குளிர்ந்ததா, கூசியதா,
இன்னும் தெரியவில்லை.

எழுதுங்க, என்றேன்.

பேனாவைத் தேடினார். சட்டைப்பை, இடுப்பு,
ஜீப்பின் முன்பலகை.
என் பேனாவைக் கொடுத்தேன்.
"பேரு?"
வான்மதி.
அதன் பக்கத்தில் ஏ, சாய்கோடு, பி என்று போட்டார்.
இன்னாரின் மகள் என்று பொருளாம்.
எங்கள் ரேஷன் அட்டையில் அது த, சாய்கோடு, பெ.
"அப்பா பேரு?"
சென்னியப்பன்.
"என்னாது?"
சென்னியப்பன்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதினார்.
கூட்டாளி எட்டிப் பார்த்து ஏதோ சொல்லி
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
குணாளன் சிரிக்கவில்லை.
"செனியாப்னு எழுதிட்டேன்க்கா.
மலாய்ல அப்படின்னா சத்தமே இல்லாம இருக்கிறது."

கவுந்தப்பாடி வெல்லச் சந்தையில்
முப்பது வருடம் ஏலம் கூவியவர்.
வீட்டில் உப்புக் கேட்டாலும்
நான்கு தெருவுக்குக் கேட்கும்.
போன ஆடியில் வாய் கோணி விழுந்தபின்
ஒரு சொல் இல்லை.
விரலால் போர்வையைத் தட்டுவார்,
ஒரு தரம், இரண்டு தரம்.
மூன்றாவது தட்டு வராது.

திருத்தட்டுமா என்று கேட்டார்.
வேண்டாம், சரியாத்தான் இருக்கு.
பேனாவைத் திருப்பித் தந்தார்.
"பார்த்துப் போங்க, முன்னாடி மாடு படுத்திருக்கும்."

படுத்திருந்தன, ஏழெட்டு,
தார்ச் சூட்டுக்கு ஒட்டிக்கொண்டு.
விளக்கை அணைத்துக் காத்திருந்தேன்.
யாரும் மறிக்கவில்லை, அவை மட்டும்.

காலையில் ஆலையின் எடைப்பாலம்
மேலே ஒன்றும் இல்லாமலே
நாற்பது கிலோ காட்டியது.
கற்களை ஒவ்வொன்றாக இறக்கி, ஏற்றி,
மதியத்துக்குள் சுழிக்குக் கொண்டுவந்தேன்.
பழைய நாற்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று
மேலாளர் கேட்டார்.
எனக்குத் தெரியாது என்றேன்.
நூற்றைம்பது வெள்ளிக்கும்
கம்பெனியில் கணக்குத் தலைப்பு கிடையாது.