சங்கிலி போட்ட பேனா

மொக்போ துறைமுகத்து மீனவர் வங்கி, மூன்றாம் கவுண்டர்.
ரப்பர் காலணியில் செதிள் ஒட்டியிருந்தவளிடம்
பெயர் கேட்டேன்.
பியோ தால்முயி, என்றாள்.

பியோ வந்தது.
தால் வந்தது.
முயி வரவில்லை.

மறுபடி தட்டினேன்.
மகரம், இதழ் குவியாத ஒரு குற்றுகரம், அதன்மேல் ஓர் இகரம்.
மூன்றும் திரையில் தனித்தனியே நின்றன,
பேருந்து நிறுத்தத்தில் அறிமுகமில்லாதவர்கள் நிற்பதுபோல.

எங்கள் எழுத்து கல்லும் மரமும் மாதிரி.
யாரும் எதையும் கட்டிக்கொள்ளலாம்.
எந்திரத்துக்குக் கொடுத்திருந்ததோ
கட்டி முடித்த வீடுகள் மட்டும்,
இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது.
சோற்றுக்கு வீடு இருந்தது. கடலுக்கு இருந்தது.
வட்டிக்கு நன்றாகவே இருந்தது.
முயியில் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று
யாரோ ஒருவர் அடுத்த வரிக்குப் போயிருப்பார்.

'மி என்று போடட்டுமா? காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதானே.'
'மி என் தங்கை.
அவள் பேரில் கடன் இருக்கிறது.'

மேலாளர் நம்குங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு
கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய்விட்டார்.
வரிசை இருமியது.
அச்சுப்பொறி பாஸ்புக்கை இழுத்துக் கடித்துத் துப்பியது.
பியோ. தால். அப்புறம்

□

தெரியாது என்பதை
அந்த எந்திரம் அப்படித்தான் சொல்லும்,
வெறும் பெட்டியாக.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.
'பாதி போட்டுவிட்டதே!'

எங்கள் மகரமும் ஒரு பெட்டிதான்.
நாலு பக்கமும் மூடிய வாய்.
ஆறு ஆண்டுகள் அந்தக் கவுண்டரில் இருந்தவளுக்கு
அதுவரை அது தோன்றவில்லை.

சங்கிலி போட்ட பேனாவை இழுத்தாள்.
எட்டவில்லை.
பாஸ்புக்கைப் பேனாவிடம் கொண்டுபோனாள்.
பெட்டிக்குக் கீழே படுத்த கோடு ஒன்று,
வலப்பக்கம் நின்ற கோடு ஒன்று.

믜

மெய்க்கு உயிர் வந்துவிட்டது, நீல மையில்.
'கையால் எழுதினால் செல்லாது, அம்மணி.'
'செல்லாவிட்டால் போகட்டும். வாசிக்கலாம் இல்லையா?'

பல வருஷம் கழித்து சியோல் தலைமையகம், பதினாலாம் மாடி.
புது முறை சொல்லிக்கொடுக்க வந்த பையனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.
முதலெழுத்து பத்தொன்பது, உயிர் இருபத்தொன்று,
அடியில் தாங்கும் எழுத்து இருபத்தேழு,
அடியில் யாரும் இல்லையென்றால் அந்த இல்லாமைக்கும் ஓர் எண்,
சுழியம்.
பெருக்கிக்கொள்ளுங்கள், என்றான்.
பதினோராயிரத்து நூற்று எழுபத்திரண்டு.
யாரும் ஒருநாளும் உச்சரிக்கப் போகாத ஒலிகளுக்கும்
வாசலும் விளக்கும் வைத்த ஒரு நீளத் தெரு.

நான் கையேட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்.
மகரம் ஆறு. ஆறை இருபத்தொன்றால் பெருக்கி,
அவள் உயிருக்குப் பத்தொன்பது கூட்டி,
இருபத்தெட்டால் பெருக்கி,
அடியில் யாருமில்லை,
தெரு தொடங்கும் எண்ணைச் சேர்த்தால்
48092.
எப்போதும் அங்கேயே இருந்ததுபோல் இருந்தது.

அன்றிரவு பழைய கணக்குகள் புது எந்திரத்துக்குக் குடிபெயர்ந்தன.
மறுநாள் தேடினேன்.
பியோ. தால். பெட்டி.

தொலைத்ததைக் கணக்கு திருப்பித் தராது.
பெட்டி பெட்டியாகவே வந்து இறங்கியிருந்தது.
அது எந்தப் பெட்டி என்று புது எந்திரத்துக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரியும்.
அதை அழித்துவிட்டு மூன்று விசை தட்டினேன்.
முதலில் பெட்டி வந்தது, அச்சு அசலாக அதே மாதிரி.
ஒரு கணம் பயந்துவிட்டேன்.
படுத்த கோடு வந்து அதன் கீழே புகுந்தது.
நின்ற கோடு ஒண்டிக்கொண்டது.

ஏன் திருத்தினீர்கள் என்று கேட்கும் கட்டத்தில்
'வாசிக்க' என்று எழுதினேன்.

கையோடு தங்கையின் கணக்கையும் பார்த்தேன்.
பெயரில் பிழை இல்லை.
கடன் அப்படியே இருந்தது.