நான்கு இலக்கம்

ஒரு ரூபாய் நாணயத்தைப் பள்ளத்தில் நிறுத்திப் பார்த்தேன்.
நன்றாகவே மூழ்கியது.
போதும் என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டேன்.
கூட்டுறவு வங்கியில் காசாளர் நான்,
கொண்டலாம்பட்டிக் கிளை.
நாணயம் சொன்னால் நம்புகிறவள்.

வண்டி போன தையில் வந்தது.
ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம்,
கொட்டை உலர்த்தும் கொட்டகை,
தார்ப்பாய்க்குள் படுத்திருந்ததைச்
சொன்ன விலையில் முக்கால் கொடுத்து இறக்கினேன்.
மீட்டரில் ஏழாயிரத்துச் சொச்சம்.
பிறக்கும்போது இருந்த ரப்பர் முடிகள்
டயர் ஓரத்தில் இன்னும் உதிராமல்.
யாரிடம் சொல்லவில்லை என்று கேளுங்கள்.

இன்னும் பத்து நாளில் கட்ச் கிளம்புகிறோம்,
நானும் தணிக்கைப் பிரிவு ஜெசிந்தாவும்.
அடிவானம் வரை உப்பாம், வெள்ளையாம்.
நம்ம ஊரிலேயே வெள்ளைக்கல் மேடு கிடக்கே,
அதுக்கு எதுக்கும்மா குஜராத் என்றார் மேனேஜர்.
சிரித்து வைத்தேன்.
லீவு லெட்டர் அவர் கையில் இருந்தது.

ஞாயிறு ஒத்திகைக்கு மலை ஏறி,
இறங்கும்போது, பதினொன்றாவது கொண்டை ஊசி.
மழைகூட இல்லை.
பனி ஈரம், சில்வர் ஓக் இலை நாலைந்து.
பின்சக்கரம் ஒரு சாண் விலகிப் போய்
வருவதா வேண்டாமா என்று யோசித்தது.
பிறகு வந்தது.
தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு
எதையோ உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தது,
இதெல்லாம் தினம் பார்க்கிறேன் என்பதுபோல.

ஐந்து ரோட்டுக்குப் பின்னால் முனவ்வர் டயர்ஸ்.
அவர் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை.
பக்கச் சுவரை ஈரத்துணியால் ஒரு இழுப்பு.
நீள்வட்டத்துக்குள் நான்கு எண்.
"படிங்க மேடம்."
ஒன்று. நான்கு. ஒன்று. ஏழு.
"பதினாலாவது வாரம், பதினேழாம் வருஷம்.
அன்னிக்குப் பொறந்தது இது."

அந்த வாரம் எனக்குத் தெரியும்.
வருடக் கணக்கு முடித்த களைப்பு.
பெட்டகத்தில் பழைய ஐநூறுகள்,
யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளாமல்,
கட்டுக் கட்டாக,
கசங்காமல், மொடமொடவென்று,
செல்லாமல்.

முனவ்வர் கட்டைவிரலால் ரப்பரை மடக்கினார்.
கோடையில் பனமரத்துப்பட்டி ஏரித் தரை.
"ஓடித் தேயுறது ஒரு கணக்கு மேடம்,
நின்னு இறுகுறது இன்னொரு கணக்கு.
எது முன்னாடி முடியுதோ அன்னிக்கு மாத்திரணும்."
கடை வாசலிலிருந்தே தோட்டக்காரருக்குப் போன் போட்டேன்.
டயர் எப்போ சார் மாத்துனீங்க?
"மாத்தவே இல்லையே!" என்றார்.
அவ்வளவு பெருமை குரலில்.
அதே பெருமையைத்தான் ஆறு மாதமாக
நானும் ஆபீஸில் விநியோகித்து வந்தேன்.

முன்னும் பின்னும் ஏழாயிரத்து நானூறு.
எண்ணிக் கொடுத்தேன், இரண்டு முறை, பழக்க தோஷம்.
"புதுசுன்னு நம்பிடாதீங்க,
மேல வழவழப்பு இருக்கும்.
எரநூறு கிலோமீட்டர் சாய்க்காதீங்க, அழுத்தி பிரேக் வேணாம்.
கிளம்புற காலையில வந்து மாத்துறவன்தான்
டோல்கேட் தாண்டுறதுக்குள்ள உருளுவான்."

ஆகவே ஒரு வாரம் மாலைதோறும்
ஓமலூர் வரை போய் ஒரு டீ, திரும்பி வருதல்.
மொபெட்டில் தேங்காய் மூட்டையோடு ஒருவர்
என்னை முந்திப் போனார்.
திரும்பிப் பார்த்துவிட்டு வேறு போனார்.

நேற்று மறுபடி மலை.
பதினொன்றாவது வளைவில் கொஞ்சம் சாய்த்தேன்.
ஈரம் இருந்தது. இலை இருந்தது.
குரங்கு இல்லை, அல்லது வேறு வேலை.
எதுவும் நடக்கவில்லை.

அதற்குத்தான் ஏழாயிரத்து நானூறு.