பதினான்காவது துணி

ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள் லோகாம்பாள்,
ஒடுகத்தூரிலிருந்து வேலூருக்கு, மடியில் இறுக்கியபடி.
சிறுநீரோடு விழுந்ததாம்,
உரித்த திராட்சைத் தோல் போல நாலைந்து.
"கல்லுன்னாங்க. மூணு வருசமா வாழத்தண்டு சாறு.
கல்லு எங்கயாச்சும் தோலுரிக்குமா?"

பயிற்சி டாக்டர் கொட்டப் போனார்.
இன்பராணி மேடம் பாட்டிலை வாங்கி
ஜன்னல் பக்கம் ஆட்டிப் பார்த்தார்.
"வீட்ல நாய் இருக்கா?"
அவ்வளவுதான் கேட்டார்.

ஸ்கேனில் இடது சிறுநீரகம்,
பைக்குள் பையாக, வண்டிச்சக்கரத்து ஆரங்களோடு.
நாயின் குடலில் அரிசி நீளம்கூட இல்லாத புழு.
ஆட்டுக்குப் போகவேண்டிய முட்டை
கைமாறி இவளுக்குள் குடியேறியிருந்தது.
எந்த வருடம், எந்தக் கவளத்தில்,
யாருக்குத் தெரியும்.

ஒரு மாதம் மாத்திரை. பிறகு மேசை.

நான் துணிகளை எண்ணிக் கொடுத்தேன்.
அயோடினில் தோய்த்துப் பழுப்பாக்கியவை;
வெள்ளைத் துணியில் வெள்ளைப் புழுத்தலை தெரியாது.
ஏரி உடைப்புக்கு மண்மூட்டை போல
பையைச் சுற்றி அடைத்தோம்.
ஒரு சொட்டு சிந்தினால் நாடி சரியும்.
பிழைத்தாலும் சிந்திய இடமெல்லாம் நாளைக்குப் பை.
மயக்க டாக்டர் அட்ரினலினை ஏற்றி வைத்துக்கொண்டு
யாரோடும் பேசவில்லை.

முதலில் லேசான மஞ்சள் நீர்.
உள்ளே உப்புக் கரைசலை விட்டுக் காத்திருந்தோம்.
அப்புறம் குட்டிப் பைகள், கரண்டி கரண்டியாக,
சில வெந்த ஜவ்வரிசி, சில நுங்குக்கண்.
ஒவ்வொன்றிலும் பளிங்குத் தண்ணீர்.
இந்தக் கோடையில் நான் நுங்கு தொடவில்லை.

மேல்பாதிச் சிறுநீரகம் நன்றாயிருந்தது. விட்டுவைத்தார்.

பதினான்கு கொடுத்தேன். பதிமூன்று வந்தது.
"திரும்ப எண்ணு."
பதிமூன்று.
மேடம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு
மறுபடி கையை உள்ளே விட்டார்.
மண்ணீரலின் ஓரம் மடங்கி ஒளிந்திருந்தது.
அதுவரை நான் மூச்சு விட்டேனா, ஞாபகமில்லை.

மூன்றாம் நாள், குழாயோடு படுத்தபடி,
நாயைப் பற்றிக் கேட்டாள்.
மருமகன் அதை எங்காவது விட்டுவிடச் சொல்கிறாராம்.
கால்நடை ஆஸ்பத்திரியில் பூச்சி மாத்திரை தருவார்கள்,
ஒன்றரை மாதத்துக்கு ஒருதரம்,
ஆட்டுக் குடலைப் போடாதீங்க, கை கழுவுங்க என்றேன்.
"எடை கேப்பாங்களே" என்றாள்.
"பதினாறு கிலோ இருக்கும்."
தையல் இழுக்க, முகம் சுளித்து,
இரண்டு கையையும் ஏந்தி
இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தாள்
அங்கே இல்லாத நாயை.
"பதினேழுன்னே எழுதிக்கச் சொல்லு."