ஐநூறு தள்ளு

பூங்காவனத்து வீட்டு மாடியில் சீட்டு.
சிவதாபுரத்தில் மழை விட்ட ஞாயிறு.
இருபது பேர், ஆளுக்கு இரண்டாயிரத்து ஐநூறு,
பாயில் கால் மடக்கி, மணிபர்சை மடியில் இறுக்கி.
ஒன்பதாயிரம் வரை தள்ளிக் கேட்கலாம் என்று
படியேறும்போதே கணக்குப் போட்டிருந்தேன்.
பையனுக்குப் பாலிடெக்னிக்கில் வியாழன் கடைசித் தேதி.

மாதேஸ்வரிதான் முதலில் கேட்டாள்:
"ஐநூறு."
சும்மா தொடங்கி வைக்கிற தொகை அது.
பன்னிரண்டாயிரம் வரை போகத் துணிந்து
வந்திருந்தாள் என்பது பிறகுதான் தெரியும்.

"ஒருதரம்."

வெள்ளி ஏறிய வருஷம் அது.
பட்டறைக்காரர்கள் மாடி எழுப்பினார்கள்.
மாடி எழுப்பக் கீழ்வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.
கொலுசு எடைபோட்டு வந்தது,
சலங்கை பற்றவைத்து எடைபோட்டுப் போனது,
கூலி போன வருஷத்துக் கூலி.

அவளது ஒற்றை அறைக்கு வாடகை மூவாயிரம்.
அதே தெருவில் இப்போது ஏழாயிரம், பத்து மாத அட்வான்ஸ்.
வீட்டுக்குள் ஊதுவீர்களா?
எத்தனை பேர்? விருந்தாளி வருவார்களா?
என்ன ஆளுங்க?
கடைசிக் கேள்வியை மட்டும்
குரல் தாழ்த்திக் கேட்டார்கள்.

இருட்டினால் இந்த மாடியிலிருந்து ஏற்காட்டு விளக்குகள் தெரியும்.
பாதி வீட்டில் ஆளே இல்லை,
விளக்குக்கு மட்டும் டைமர் வைத்திருக்கிறார்கள் என்பான்
வயரிங் வேலைக்கு மேலே போய்வரும் என் தம்பி.

"ரெண்டுதரம்."

இந்த இடத்தில் வழக்கமாக
லீ பஜார் தோற்றுப்போகும்.
ஷகிலாபானு வராத கொட்டாவியை விட்டாள்.
அங்கம்மா கால்விரல் சேற்றைச் சுரண்டினாள்.
யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை, சத்தியம்.
என் நாக்கில் ஆயிரம் இருந்தது.
என் விலாவில் ரோஸ்மேரியின் முழங்கை இருந்தது.
முழங்கைக்குப் பயந்தா வாயை மூடினேன்?
இன்றும் சொல்லத் தெரியவில்லை.

"மூணுதரம்."

மாதேஸ்வரி எங்களைச் சுற்றிப் பார்த்தாள்,
கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல.
கழிவு ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய்.
அறுநூறு வரும் என்று நம்பி
அரிசி மூட்டைக்குச் சொல்லிவைத்திருந்த யாரோ
படியிறங்கும்போது மூக்கைச் சிந்தினார்கள்.
பூங்காவனம் தன் கமிஷனை விடவில்லை.
அது வேறு கணக்கு.

காலி செய்த அன்று தரைப் பிளவுகளில்
ஊக்கு வைத்து நோண்டினாள்,
ஒன்பது வருஷம் உட்கார்ந்து ஊதிய இடம்.
அரைக் கிண்ணம் கறுப்புப் பொடி.
வீட்டுக்காரர் வாசலில் நின்று,
தரை நம்முளுது, தெரியுமில்ல, என்றார்.
வெள்ளையடிக்க என்று அட்வான்ஸில்
நாலாயிரம் பிடித்த அதே கை இடுப்பில்.
"சேதாரம்னு என் கூலியில புடிச்சது இது"
என்று முந்தானையால் மூடிக்கொண்டாள்.
உருக்கியதில் ஆயிரத்து நூற்று நாற்பது.

அப்படியும் ஆறாயிரம் குறைந்தது.
புது வீட்டுக்காரர் தை வரை தவணை சொன்னார்.
இளம்பிள்ளை ரோட்டில், பஸ் நிற்காத ஒரு திருப்பத்தில்,
தகரத்தின் கீழ், ஆனால் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள்.
ஷகிலாபானு வீட்டு ஆட்டோ இரண்டு நடை அடித்தது.
மூன்றாவது நடைக்கு டீசல் கேட்டது.

நான் வாரவட்டிக்காரரிடம் பதினைந்தாயிரம் எடுத்தேன்.
திங்கள்தோறும் ஹாரன் அடிப்பார்.
அப்போதெல்லாம் அந்த ஆயிரம்
நாக்குக்குத் திரும்பி வரும்.

அடுத்த மாதம் எல்லோரும் கத்தினோம்.
பன்னிரண்டாயிரத்துக்குப் போனது.
சீட்டு எடுத்துவிட்டவளுக்கு ஏலத்தில் வாய் கிடையாது;
ஆனாலும் இரண்டு பஸ் மாறி வந்து
சுவரோரம் உட்கார்ந்திருந்தாள் மாதேஸ்வரி.
கழிவு போக ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
இரண்டாயிரம் நீட்டி, மீதி நூறு வாங்கினாள்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து,
ஓரம் கிழிஞ்சிருக்கு, வேற குடுங்க, என்றாள்.
முனகிக்கொண்டே மாற்றினாள் பூங்காவனம்.