ஒப்பீட்டுக்கு ஒருவர்

செவ்வாய்ப்பேட்டையில்
நாற்பத்தொரு மூத்திரக் குப்பிகள் சேர்த்துவிட்டேன்.
எல்லாம் கொலுசு பத்தவைப்பவர்களுடையவை.
மூடியில் பெயர், வயது, எத்தனை வருடத் தொழில்.
ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
பஸ்ஸில் வரும்போது பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள்:
மீனா?
ஆமாம் என்றேன்.

இனி வேண்டியது
நஞ்சு படாத நாற்பத்தொரு பேர்.
அவர்கள் கிடைக்கும்வரை
இவர்களுடையது நோய் இல்லை,
எண்.
வழிகாட்டி சொல்லிவிட்டார்:
அதே ஊர், அதே வயது, அதே தண்ணீர்.
பட்டறை மட்டும் கூடாது.

பட்டறை மட்டும் கூடாதாம்.
பாவாயி வீட்டில் கட்டிலுக்கும் ஊதுகுழலுக்கும் நடுவே
ஒரு பழஞ்சேலைதான் சுவர்.
பற்றாசு உருகும்போது
மஞ்சளாய் ஓர் இழை எழும்.
கண் சிமிட்டினால் காணாது.
காட்மியம் கலந்தால் சீக்கிரம் உருகும்,
கேஸ் மிச்சம்,
ராத்திரிக்குள் இன்னும் நாலு ஜோடி ஆகும்.
“ஞாயித்துக்கிழமை லீவு விட்டா
திங்கக்கிழமை குளிர்காச்சலு வருமுங்க.
அதனால லீவே விடறதில்ல.”

குறித்துக்கொண்டேன்.
அவள் சிரித்ததைக் குறிக்கக் கட்டம் இல்லை.

காட்மியத்துக்கு அவசரம் கிடையாது.
வாடகைக்கு வந்தவர் போல
சிறுநீரகத்தில் ஓர் அறை கேட்கும்.
இருபது வருடம் கழித்துக் காலி செய்யச் சொன்னால்
பாதிச் சாமானை எடுத்துக்கொண்டு
மீதியை அப்படியே விட்டுப்போகும்.
பற்றாசு என்று பெயர் வைத்தவர்
எதை எதோடு ஒட்டுவதாக நினைத்தாரோ.

ஒப்பீட்டுக்கு முதல் ஆள் அர்த்தநாரி.
எதிர்ச் சாரியில் டீக்கடை.
மகள் கல்யாணத்துக்கு வாங்கியதைத் தவிர
வெள்ளியைத் தொட்டதில்லை.
அவருடைய எண்
பாவாயி எண்ணுக்குத் தம்பி முறை.
கருவியைக் கழுவி மறுபடி ஓட்டினேன்.
தம்பிதான்.
போய்க் கேட்டபோது
காதில் செருகியிருந்த பீடியை எடுத்துக் காட்டினார்.
புகையிலைச் செடி மண்ணிலிருந்து
இதே உலோகத்தை இழுத்து இலையில் சேர்க்கும்.
தேர்வில் எழுதி
இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.

அடுத்து கணக்கு வாத்தியார் மரியதாஸ்.
பீடி இல்லை, பாக்கு இல்லை.
காற்றோட்டம் பார்த்து மாடியில் குடிவந்தாராம்.
அந்தக் காற்று கீழ்ப்பட்டறை ஜன்னலிலிருந்து வருவது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் என்று
ஊரே சொல்கிறது.
அளவு எது என்று கேட்டால்
என்னைக் கை காட்டுகிறது.

அதே ஊர் என்ற விதியை
வழிகாட்டிக்குத் தெரியாமல் மீறி
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினேன்.
ஏற்காட்டுக்கும் மேலே, மஞ்சக்குட்டைப் பக்கம்,
காப்பித் தோட்டத்தில் சடைச்சி.
அவள் குப்பியில் காட்மியம்
இருக்கிறதென்று சொல்ல முடியாத அளவு.
அப்படி ஓர் எண்ணை முதல்முறை பார்த்தேன்.
ஓடிப்போய்ச் சொன்னேன்:
உங்களுக்கு ஒன்றும் இல்லை.

மயில்துத்தத்தில் நீலம் பாய்ந்த நகங்களோடு
அவள் வலது கையை நீட்டினாள்.
விரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன.
“அப்ப இது எதுக்குங்க நடுங்குது?
மருந்தடிச்ச நாளுல சோறு அள்ள முடியறதில்ல.”

அது வேறு சோதனை.
வேறு கருவி, வேறு துறை.
நிதி கேட்டு வேறு விண்ணப்பம் எழுத வேண்டும்.
இவை எதையும் அவளிடம் சொல்லவில்லை.
இறங்கும்போது எல்லா வளைவிலும் தலை சுற்றியது.

ஆய்வகத்தில் தினமும் முதலில் ஓட்டுவது
வெறும் காய்ச்சி வடித்த நீர்.
அதற்கும் குப்பி உண்டு, வரிசை எண் உண்டு.
பூஜ்யம் காட்டும்.
சேலம் மாவட்டத்தில் இதுவரை
எனக்குக் கிடைத்த சுத்தமான ஆள்
அதுதான்.

நேற்று பாவாயி போன் செய்தாள்.
பின்னால் ஊதுகுழல் சீறிக்கொண்டிருந்தது.
“என்னுது வந்துருச்சுங்களா?”
வந்துவிட்டது.
“சாஸ்தியா?”

எதைவிட, என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் அடுப்பை அணைத்துவிட்டுக்
காத்திருப்பது கேட்டது.