முதுகுக்குச் சான்று இல்லை

மூன்றாம் அங்கத்தில் டோனா கியோமார்
சபைக்கு முதுகு காட்டி நிற்பாள்.
ஏழு நிமிடம். வசனம் கிடையாது.
சொல்லிவிட்டு இயக்குநர் அன்செல்மு
காப்பி குடிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

ஆயிரத்து நானூற்று எழுபதுகளின் முன்பக்கம்
எனக்கு மனப்பாடம்.
கழுத்து எவ்வளவு இறங்கும்,
மாதுளைப்பூ வேலை மார்பில் எங்கே இரண்டாகப் பிளக்கும்,
கைமடிப்பில் அணில்தோல் எத்தனை விரல் அகலம்.
பலிபீடப் பலகைகளில், படத்துக்குப் பணம் கொடுத்தவர்கள்
மண்டியிட்டபடி நம்மைத்தான் பார்க்கிறார்கள்.
முகம் தெரியத்தானே கொடுத்தார்கள்.
முதுகு வரைய ஒருவனும் கூலி வாங்கவில்லை.

பிராகாவிலிருந்து ரயில் ஏறி
கோயிம்ப்ரா பக்கம் பாதி மூடிய ஒரு மடத்துக்குப் போனேன்.
கல்லறைமேல் கல்லாக ஒரு பிரபுவின் மனைவி.
படுத்திருக்கிறாள்,
பாவாடை மடிப்புகள் மட்டும்
நிற்கிறவளுக்கு விழுவதுபோல் பாதம் நோக்கி விழுகின்றன.
நிற்பவளாகச் செதுக்கிப் படுக்க வைத்திருக்கிறான் சிற்பி.
புவியீர்ப்பையே ஏமாற்றத் துணிந்தவன்
முதுகை மட்டும் கல்லோடு கல்லாக விட்டுவிட்டான்.

மேக்கப் பெட்டியின் கண்ணாடியோடு
தரையில் மல்லாந்தேன்.
கல்லறையைச் சுமக்கும் சிங்கங்களின் வயிறு தெரிந்தது.
யாரோ ஒட்டிய சூயிங்கம் தெரிந்தது.
காவலர் பல்டசார் குனிந்தார்:
"ஏதாவது தொலைந்துவிட்டதா?"
"ஒரு முதுகு."
அவரும் டார்ச் அடித்துத் தேடினார். நல்ல மனிதர்.

திரும்பும்போது பழுதுபார்க்கும் அறை திறந்திருந்தது.
சுவர் மாடத்திலிருந்து இறக்கிய மரப் புனிதை
மேசைமேல் குப்புறக் கிடந்தாள்.
இடுப்போரம் கொஞ்சம் பொன்தகடு வழிந்து, அங்கேயே நின்றுவிட்டது.
அதற்கப்பால் பச்சை மரம்,
குடைந்த பள்ளம், உளி போன தடம்,
எதையோ மாட்டிய ஒரு கொக்கி.
மாடத்தின் உட்சுவரும் அப்படித்தான், பூச்சே இல்லை.
கட்டியவனும் செதுக்கியவனும்
பேசி வைத்துக்கொண்டதுபோல.

மறுநாள் ஆவணக் காப்பகம்.
கணவன் இறந்த வாரத்தில் எடுத்த சொத்துப் பட்டியலில்
ஒரு கணக்குப்பிள்ளையின் அவசரக் கையெழுத்து:
கவுன் ஒன்று. முன்புறம் பூப்பட்டு. மற்றது சணல்.

மற்றது.
அந்தச் சொல்லை நான் மூன்று முறை படித்தேன்.

தைத்தோம்.
முன்னால் பட்டு, என் பட்ஜெட்டில் பாதி.
பின்னால் காப்பிக்கொட்டை மூட்டைச் சணல்,
தேநீர்ச் சாயத்தில் ஒரு ராத்திரி ஊறியது.
நடுவே ஜிப். ஐநூறு வருடத்துக்குத் துரோகம்தான்;
உடை மாற்ற நாற்பது நொடிதான் இருக்கிறது.
போட்டுப் பார்த்த ஜுல்மிரா முறைத்தாள்:
"பின்னாலிருந்து நான் உருளைக்கிழங்கு மூட்டையா?"
"ஏழு நிமிடத்துக்கு மட்டும்" என்றேன்.

முதல் நாள்.
புறமுதுகு காட்டினால் தோல்வி என்பார்கள்.
அவள் திரும்பினாள்.
பட்டு, ஒரு வாள் உறைக்குள் போவதுபோல் மறைந்தது.
சணல் நின்றது.
வரிசை வரிசையாக இருமல் அடங்கியது.
கடன் வாங்கி ஆண்ட ஒரு குடும்பம்
ஒரு சொல் இல்லாமல் அங்கே நின்றது.

இடைவேளையில் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர்
என்னைத் தேடி வந்தார், கையில் மது, முகத்தில் மரியாதை.
"ஒரு பட்டியலின் ஒற்றைச் சொல்.
அதுவும் வேறொருத்தி கவுன்.
இந்த முதுகுக்குச் சான்று?"
இல்லை என்றேன். இல்லைதான்.

அரங்கம் காலியான பின்
கிராசியெட் கவுனை மாட்டினாள்,
வழக்கம்போல் பட்டு வெளியே தெரிய, சணல் சுவரைப் பார்க்க.
நான் திருப்பினேன்.
தோள்பட்டைகளுக்கு நடுவே, சணலில்,
ஒரு உள்ளங்கை அளவு வியர்வை,
ஓரத்தில் வெள்ளையாக உப்பு.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளை மதியமும் காட்சி இருக்கிறது" என்றாள் கிராசியெட்,
மலிவு வோட்கா நிரப்பிய தெளிப்பானை
என் கையில் கொடுத்து.